முன் இருக்கையில் ஐம்பது கிலோ

அந்த மின்விசிறியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள் சார். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு 'டிக்' கேட்கிறது. உங்களுக்குக் கேட்காது. பதினான்கு வருடம் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்தவளுக்குக் கேட்கும். எந்தச் சத்தம் வந்தாலும் யாரோ என்னைக் கூப்பிடுகிறார்கள் என்றுதான் தோன்றும். பதில் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. கை இப்படி மேசையைத் தட்டிக்கொண்டே இருப்பதும் அதனால்தான். பயத்தில் தட்டுகிறாள் என்று எழுதிவிடாதீர்கள்.

என் வேலை என்ன என்று கேட்டீர்கள். இப்போது வரும் கார்கள் எங்காவது மோதினால் தாமே போன் செய்யும். ஏர்பேக் விரிந்த அடுத்த நொடி எங்கள் மேசைக்கு அழைப்பு வந்துவிடும். என் குரல் வண்டி ஸ்பீக்கரில் கேட்கும், உள்ளே இருப்பவர் பேசுவது எனக்குக் கேட்கும். வண்டி எங்கே நிற்கிறது, என்ன வேகத்தில் மோதியது, யார் பெல்ட் போட்டிருந்தார்கள், எந்த இருக்கையில் எத்தனை கிலோ இருக்கிறது, எல்லாம் திரையில் தெரியும். நான்கு கேள்வி கேட்க வேண்டும். அடிபட்டிருக்கிறதா? நகர முடிகிறதா? உங்களுடன் வேறு யாராவது இருக்கிறார்களா? புகை வருகிறதா? பிறகு பச்சைப் பொத்தானை அழுத்தினால் பக்கத்து ஆம்புலன்ஸுக்குத் தகவல் போகும். அவ்வளவுதான் வேலை.

பத்து அழைப்பில் ஒன்பது வெட்டிதான் சார். பள்ளத்தில் இறங்கியிருப்பார்கள், கை தவறி அவசரப் பொத்தானை அமுக்கியிருப்பார்கள். இருக்கையில் பையை வைத்தாலும் வண்டி அதை ஆள் என்று நினைத்துக்கொள்ளும். ஒருவர் மூன்று பூசணிக்காயைப் பக்கத்து இருக்கையில் வைத்துவிட்டு, பெல்ட் போடு பெல்ட் போடு என்று வண்டி உயிரை வாங்குகிறதே என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். "பூசணிக்காய்க்குப் போட்டு விடுங்க சார்" என்றேன். மனிதர் போட்டும் விட்டார். ஆபீஸ் முழுக்க ஒரு வாரம் அதையே சொல்லிச் சிரித்தோம். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

வீட்டில் அம்மா. பதினோரு வருடம் என்னோடுதான் இருந்தார். முழங்கால் போய்விட்டது, கண்ணும் பாதிதான். அலுவலகத்தில் வண்டிகள் கூப்பிடும், வீட்டுக்கு வந்தால் அம்மா கூப்பிடுவார். "பாப்பா, கண்ணாடி எங்கே?" "பாப்பா, ஜன்னலைச் சாத்து." "பாப்பா, யாரோ வந்த மாதிரி இருக்கே?" எனக்கு நாற்பத்தாறு வயது, இன்னும் பாப்பாதான். ஒரு நாளைக்கு நாற்பது தடவைக்குக் குறையாது. எங்கே இருந்தாலும் "இரும்மா, இதோ வந்துட்டேன்" என்று குரல் கொடுப்பேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் எடை மெஷினில் ஏற்றி நிறுத்துவேன், மாத்திரை அளவு எடையைப் பொறுத்தது என்று டாக்டர் சொல்லியிருந்தார். எப்போதும் நாற்பத்தெட்டு. என்ன ஆக்கிப் போட்டாலும் ஒரு கிலோ ஏறியதில்லை.

அண்ணன் கட்டடக் கான்ட்ராக்டர். புது வண்டி வாங்கினார். ஊழியர் குடும்பத்துக்கான சலுகையில் அதை எங்கள் சேவையில் பதிவு செய்து கொடுத்ததே நான்தான். அந்த வண்டியை எடுத்துக்கொண்டு ஒருநாள் வந்தார்.

"நீயும் எத்தனை நாள்தான் தனியா பார்ப்பே? அம்மா இனிமே எங்கூட இருக்கட்டும்."

அம்மா வேண்டாம் என்று சொல்வார் என்று நினைத்தேன். பெட்டியைக் கட்டும்போதுகூட அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா முன் இருக்கையில் உட்கார்ந்து உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். "சீட்டு வெதுவெதுன்னு இருக்கு பாப்பா" என்றார். "போயிட்டு வரேன். நீயும் கொஞ்ச நாள் நிம்மதியா இரு." பெல்ட்டைக்கூட நான்தான் மாட்டிவிட்டேன். அந்தக் கொக்கி அம்மா கைக்கு அழுந்தாது.

முதல் இரண்டு நாள் நன்றாகத் தூங்கினேன். மறைக்க என்ன இருக்கிறது. மூன்றாம் நாளிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. அடுப்படியில் நின்றுகொண்டிருப்பேன், அம்மா கூப்பிட்டது போல இருக்கும், ஓடிப் போய்ப் பார்த்தால் கட்டில் வெறுமையாக இருக்கும். உட்கார்ந்தால் எழுந்துகொள்ளத் தோன்றும், எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று தெரியாது. போன் செய்தால் அம்மா தூங்குகிறார், அம்மா குளிக்கிறார் என்பார் அண்ணன். பதினோராம் நாள் வெட்கத்தை விட்டுக் கேட்டேன், "என்னைப் பத்தி ஏதாவது கேட்டாங்களாண்ணா?"

"இல்லையே. நல்லா இருக்காங்க. நீ கவலைப்படாம உன் வேலையைப் பாரு."

ஒரு நாளைக்கு நாற்பது தடவை கூப்பிட்டவர் சார். பதினோரு நாளில் ஒரு தடவைகூட இல்லை.

அதன் பிறகுதான் அண்ணன் வண்டியின் பதிவை ஆபீஸ் திரையில் திறந்து பார்க்க ஆரம்பித்தேன். விபத்து நடக்காத வண்டியைப் பார்ப்பது விதிப்படி குற்றம், தெரியும். நூற்றுப் பன்னிரண்டு முறை திறந்திருக்கிறேன் என்று உங்கள் ஆட்கள் எண்ணிச் சொன்னார்கள், அவ்வளவு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. காலை பத்து மணி ஆனதும் முன்பக்கக் கதவு திறக்கும், இருக்கையில் கனம் ஏறும், இருக்கைச் சூடு போடுவார்கள், பூங்கா வாசலில் நாற்பது நிமிடம் வண்டி நிற்கும். அம்மா எப்படி இருக்கிறார் என்று அண்ணன் சொல்லவில்லை, வண்டி சொன்னது. பழைய நாட்களின் கணக்கும் அதில் இருந்தது. முதல் வாரம் நாற்பத்தெட்டு. அப்புறம் நாற்பத்தொன்பது. மூன்றாவது வாரம் ஐம்பது.

பதினோரு வருடம் நான் கண்ணும் கருத்துமாகப் பார்த்தும் ஏறாத எடை அங்கே மூன்றே வாரத்தில் ஏறிவிட்டது. எனக்கு வயிறு எரிந்தது. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

இருபத்து மூன்றாம் நாள் காலை பத்து நாற்பத்திரண்டுக்கு அழைப்பு வந்தது. ஆறு பேர் உட்கார்ந்திருக்கும் மேசையில் அது எனக்கு வந்தது தற்செயல், அதில் சூது எதுவும் இல்லை. புறவழிச் சாலையில் மழை. எழுபத்தொரு கிலோமீட்டர் வேகத்தில் தடுப்பை இடித்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கியிருந்தது. ஏர்பேக் இரண்டும் விரிந்திருந்தன. உரிமையாளர் என்று அண்ணன் பெயர், அதற்குக் கீழே அவசரத் தொடர்புக்கு என்று என் பெயர் இருந்தது.

நான் எப்போதும் போலப் பேசினேன். "வணக்கம் சார், அவசர உதவி மையத்திலிருந்து பேசறேன். அடிபட்டிருக்கா?"

"மேடம்... கால் மாட்டிக்கிச்சு மேடம். ரத்தம் நிக்கலை. யாரையாவது அனுப்புங்க."

மேடமாம். நாற்பத்தாறு வருடமாக என் பேச்சைக் கேட்ட அண்ணனின் காதுக்கு என் குரல் தெரியவில்லை. அதற்காக எனக்குக் கோபம் வரவில்லை, கொஞ்சம் சிரிப்புத்தான் வந்தது. நகர முடிகிறதா என்று கேட்டேன். முடியவில்லை என்றார். புகை வருகிறதா என்றேன். இல்லை என்றார். பிறகு "மேடம், பக்கத்துல..." என்று ஆரம்பித்தார். "பேசிப் பேசித் தெம்பை வீணாக்காதீங்க சார். ஆம்புலன்ஸ் கிளம்பிடுச்சு. அசையாதீங்க, போனைத் தேடாதீங்க. நான் லைன்லயே இருக்கேன்" என்றேன்.

பச்சைப் பொத்தானை நான் அழுத்தவில்லை.

மூன்றாவது கேள்வியை ஏன் விட்டீர்கள் என்று காலையிலிருந்து மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். மூச்சு வாங்குகிறவரை எதற்குத் தொந்தரவு செய்வது என்றுதான் விட்டேன். திரையில் முன் இருக்கை ஐம்பது கிலோ, பெல்ட் போட்டிருக்கிறது என்று காட்டியது. என் அம்மாவின் எடை நாற்பத்தெட்டு. நான் கையாலேயே பிடித்து நிறுத்திப் பார்த்த எடை அது. ஆகவே அது அம்மா இல்லை, ஏதோ பை. பைக்குப் பெல்ட் எதற்கு என்பீர்கள். பூசணிக்காய்க்கே போடுகிறார்கள் சார்.

பத்தாவது நிமிடத்தில் எங்கள் சூப்பர்வைசர் வந்தார். அவருக்கு ஸ்டாப்வாட்ச் என்று பெயர் வைத்திருக்கிறோம், இரண்டு நிமிடம் தாண்டினால் வந்து முதுகுக்குப் பின்னால் நின்றுவிடுவார். "என்னம்மா, ஒரே அழைப்புல உட்கார்ந்துட்டீங்க?" என்றார். வாடிக்கையாளர் பதட்டமாக இருக்கிறார் என்றேன். "சரி சரி, பொறுமையா பேசுங்க. உங்களை மாதிரி யாருக்கு வரும்?" என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். பாவம், அவரை இதில் இழுக்காதீர்கள்.

மொத்தம் பத்தொன்பது நிமிடம். அண்ணன் பேச்சு பதினான்கோடு நின்றுவிட்டது. கடைசியில் 'கை தவறி அழுத்தியது' என்று குறித்து மூடினேன். பன்னிரண்டே முக்காலுக்கு ஒரு லாரி டிரைவர் சாலையோரம் வண்டியை நிறுத்தி இறங்கியபோதுதான் பள்ளத்தில் இருந்த காரைப் பார்த்திருக்கிறார். அரை மணிக்குள் போயிருந்தால் இரண்டு பேரையும் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருப்பதைப் படித்துக் காட்டினீர்கள். இரண்டு பேர் என்று எழுதியிருக்கிறார். கவனித்தேன்.

ஆமாம், நான்தான் செய்தேன். வேறு யாருக்கும் பங்கில்லை. கையெழுத்து எங்கே போட வேண்டுமோ காட்டுங்கள்.

அந்த அழைப்பின் ஒலிப்பதிவில் பதினாறாவது நிமிடத்தை மறுபடி போட வேண்டாம் சார். நேற்றே கேட்டேன். அந்த வண்டியில் சீட் தோல் உரசினால் அப்படி ஒரு சத்தம் வரும், மழையும் இருந்தது. 'பாப்பா' என்று கேட்பதாக நீங்கள் சொல்கிறீர்கள். நான் சத்தம் என்றுதான் சொல்வேன். அதற்கு நான் பதில் சொல்லியிருப்பதும் பதிவில் இருக்கிறது, மறுக்கவில்லை. "இரும்மா, இதோ வந்துட்டேன்." பழக்கம் சார், வாயில் தானாக வந்துவிடும்.

இன்னும் ஒன்று எழுதிக்கொள்ளுங்கள். அந்த இருபத்து மூன்று நாளில் அம்மா என்னைக் கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான். பதினோரு வருடத்தில் அம்மா கூப்பிட்டு நான் போகாமல் இருந்ததே இல்லை.