அம்மன் பார்த்துக்கொள்வாள்

அன்னதானச் சாம்பாரில் பரங்கிக்காய் போடக் கூடாது சார், வெயில் காலத்தில் சீக்கிரம் ஊசிப்போகும். அமாவாசைதோறும் நானே போய்க் காய்களைப் பார்த்துவிடுவேன். மாணிக்கவேல் கண்ணில் படாமல் ஒரு கத்தரிக்காய்கூட அண்டாவுக்குள் போகாது என்று ஆரணியில் கேலி செய்வார்கள்.

எங்கள் அங்காளம்மன் நிதியில் வட்டி கிடையாது. பட்டு நெய்கிறவர்கள் சேமிப்பைப் போடுவார்கள், தேவைப்பட்டவர்கள் கடன் வாங்குவார்கள். கடனைக் கட்டும்போது மனமுவந்து கொடுக்கிற தர்மத்தில்தான் அன்னதானமும், தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும். பத்திரம், ஜாமீன் எதுவும் கேட்க மாட்டேன். சன்னதியில் எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்தால் போதும். பொய்ச் சத்தியம் செய்தவனை அடுத்த அமாவாசைக்குள் அம்மன் பார்த்துக்கொள்வாள் என்பது ஊர் நம்பிக்கை. அந்தப் பயம்தான் எங்கள் மூலதனம்.

தறி நெய்கிற வீரபாகுவிடம் கடனைக் கேட்டதற்குக் கட்டிவிட்டேன் என்றான். என் கைக்கு வரவில்லையே என்றேன்.

"அம்மன் பணத்த அம்மன் உண்டியல்லயே போட்டுட்டேங்கண்ணா. மஞ்சத் துணில முடிஞ்சி போட்டேன்."

அப்படிக் கடன் கட்டுகிறவனை நான் பார்த்ததில்லை. உண்டியலோ ஆடியில்தான் திறப்போம். நல்ல சாக்கு என்று நினைத்தேன். ஊரார் முன்னால் கற்பூரம் அணைத்தான். அமாவாசை வந்தது, போனது. அவன் புது பைக்கில் சேத்துப்பட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தான்.

மற்றவர்களும் தவணையை நிறுத்தினார்கள். "அம்மனே தூங்கிகினு கீது, உனுக்கு இன்னா அவசரம்" என்று ஒருவன் என் முகத்துக்கு நேராகவே சொன்னான். அந்த முறை அன்னதானத்தில் பாதிப் பந்தியிலேயே சோறு தீர்ந்துபோனது. காலித் தட்டோடு போன பிள்ளைகளைப் பார்த்து அழுதேன். தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். நின்றுகொண்டே இருந்தால் பிள்ளைகளின் பசிக்கு யார் பதில் சொல்வது?

மறுநாள் மதியம் வீரபாகு தன் வீட்டுத் தறிக்குழியில் கால்விட்டு உட்கார்ந்திருந்தான். குழியிலிருந்து சட்டென்று எழ முடியாது. சுவரில் சாய்த்திருந்த கட்டையை எடுத்தேன். முதலில் வலது கை, கற்பூரம் அணைத்த கை. விரல்விரலாக நிதானமாக உடைத்தேன்.

"உண்டியலத் தொறந்து பாருங்கண்ணா" என்றான்.

அடுத்து வாய். பிறகு தலை. தறியில் பாதி நெய்த கல்யாணப் புடவையில் ரத்தம் பட்டுவிட்டது, அதற்கு வருந்தினேன். அவன் உள்ளங்கையில் கற்பூரம் கொளுத்திவைத்து, குங்குமத்தைக் கொட்டிவிட்டு வந்தேன். அம்மன் வந்து போனதாக ஊர் நம்பியது. அந்த வாரமே எல்லாரும் வரிசையில் நின்று கடனைக் கட்டினார்கள்.

ஆடியில் உண்டியலைத் திறந்தோம். மஞ்சள் முடிச்சு இருந்தது, பணமும் சரியாக இருந்தது. யாரும் பார்ப்பதற்குள் மடியில் செருகிக்கொண்டேன்.

அதில் ஒரு ரூபாயை நான் தொடவில்லை. வீரபாகுவின் மனைவி கமலம் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு வந்து நின்றாள். தாய் இருக்கிறாளே, தர்மத்தில் கொடுக்க விதியில்லை. அதனால் அந்த முடிச்சையே அவிழ்த்துக் கடனாகக் கொடுத்தேன். வட்டி கேட்கவில்லை. கற்பூரம் மட்டும் அணைக்கச் சொன்னேன்.

வரும் அமாவாசை அவளுக்குத் தவணை. நான் இங்கே உங்கள் லாக்கப்பில் இருக்கிறேன் சார். யாராவது போய் ஞாபகப்படுத்தினால் அவளுக்கு நல்லது.