பன்னெண்டு நம்பர்

– குப்பைத்தொட்டி மட்டுந்தாம்மா இருக்கு. மத்ததெல்லாம் காணும்.

– அப்பா, புது விண்டோஸ் அப்படித்தான் இருக்கும். கீழ மூலையில உருண்டையா ஒண்ணு இருக்கு பாருங்க.

– ஸ்டார்ட்டுன்னு எழுதியிருந்துதே, அத எங்க தூக்கிப் போட்டான்?

– அதுதாம்ப்பா இந்த உருண்டை. அமுக்குங்க. ஜாதகம்னு இருக்கா?

– இருக்கு, இருக்கு. அதெல்லாம் அப்பவே எப்படியோ தேடித் தொறந்து பாத்தாச்சு பொன்னி. ராசிக் கட்டம் நல்லாத்தான் வருது. உள்ள இருக்குற எழுத்தும் கட்டம் கட்டமா வருது. நான் கேக்குறேன், செவ்வாய் எது, சனி எதுன்னு எவன் கண்டுபிடிப்பான்?

– தமிழ் எழுத்து ஏறலப்பா. நான் சாயந்தரம் வந்து ஏத்துறேன். இப்ப ஸ்கூல்ல இருக்கேன், அடுத்த பீரியடு கிளாஸ் இருக்கு.

– சாயந்தரமா? நாலு மணிக்கு அண்ணாகிராமத்துலேர்ந்து ஞானசேகரன் வராரும்மா, உன் பொருத்தத் தாள வாங்க! இப்ப மணி மூணரை.

– இன்னிக்கா? இன்னிக்குன்னு நீங்க சொல்லவே இல்ல.

– இப்ப சொல்லிட்டேன்ல. நல்ல குடும்பம், முந்திரித் தோப்பு, ஒரே பையன். நீ கடலூர்லேர்ந்து பஸ்ஸு ஏறுனாக்கூட வந்து சேர அஞ்சாயிடும்.

– அப்ப பஞ்சாங்கத்த வெச்சு கையால போட்டுக் குடுத்துடுங்க.

– பெத்த பொண்ணுக்கு அப்பனே கையால எழுதிக் குடுத்தா எவன் நம்புவான்? கம்ப்யூட்டர் தாள்தான் வேணும்னு அந்தாளு மொதல்லயே சொல்லிட்டாரு. கீழவீதியில கடை வெச்சு ஊருக்கே ஜாதகத் தாள் போட்டுக் குடுக்குறேன். தேதி, நேரம், பொறந்த ஊரு, மூணும் போட்டா துப்பிடும். என் பொண்ணுக்குன்னு வந்தப்ப மக்கர் பண்ணுது.

– பழசு நல்லா ஓடிட்டுதானே இருந்துது, புதுசு போடுன்னு கேட்டது யாரு?

– நாந்தான். பக்கத்துக் கடையில போட்டாங்க, மீன் நீந்துற படம் வந்துது. எனக்கு அந்த மீனும் வரல.

– மீனுக்கு ஆசைப்பட்டு வந்த வெனை. எங்க ஸ்கூல் கம்ப்யூட்டர் வாத்தியாரு செம்பியனாவது ஞாயித்துக்கிழமை ஒழுங்கா ஏத்திக்கிட்டு இருந்தாரு. டீ குடிக்கப் போன கேப்புல ஒயர புடுங்கிட்டீங்க.

– நாலரை ஆயிடுச்சும்மா! ராகுகாலம். அறுவத்திரெண்டு பர்சன்ட்டுல நின்னுது. மீதிய ஆறு மணிக்கு மேல போட்டுக்கலாம்னு பாத்தேன்.

– அது என்னா மாவாட்டுற கிரைண்டராப்பா, நிறுத்தி நிறுத்திப் போட? அவரு மொதல்லேர்ந்து ஏத்துனாரு, பாவம்.

– அந்த செம்பியன் தம்பிக்குத்தான் மொதல்ல போன் போட்டேன். எழுத்த ஏத்துறது எப்டின்னு சொல்லிக் குடுத்தான், சொன்னபடியே அமுக்குனேன். ஸ்கிரீன் பொசுக்குன்னு இருட்டிப் போச்சு. கரண்டு போச்சாக்கும்னு ஃபேனப் பாத்தேன், அது சுத்துது. பாஸ்வேர்டு போடுங்குது.

– புதுசா எதாச்சும் ஏத்துனா அது அப்படித்தான் கேக்கும்.

– நான் கேக்குறேன், என் கடை, என் கம்ப்யூட்டர், என்னையே யாருன்னு கேக்குமா? தம்பிய கேட்டா, அது உங்க பொண்ணு வெச்சது, எனக்குத் தெரியாதுங்கறான். சொல்லு, போடுறேன்.

– அது ரொம்பப் பெருசுப்பா.

– பெருசுன்னா?

– பன்னெண்டு நம்பர்.

– பன்னெண்டா? பேங்க்கு லாக்கருக்குக்கூட இவ்ளோ ஜாஸ்தி இல்ல. சொல்லும்மா.

– ஞானசேகரன் சார்கிட்ட நாளைக்கு வரச் சொல்லிடுங்களேன்.

– வண்டி கெளம்பி வந்துகினு இருக்குது. வடலூர் தாண்டிட்டோம்னு அப்பவே போன் பண்ணாரு… பொன்னி? நம்பரச் சொல்லு.

– சரி. ஒண்ணு ஒண்ணா சொல்றேன். நல்லா கவனிச்சுப் போடுங்கப்பா.

– இரு, இதுல அடிச்சா கருப்புப் புள்ளிதான் தெரியுது. தாள்ல எழுதிக்கிறேன். ம்.

– ஒண்ணு, ஒம்போது.

– ம்.

– சைபர், ரெண்டு.

– ம்.

– ஒண்ணு, ஒம்போது, எட்டு, ரெண்டு.

– எட்டு… ரெண்டு. இன்னும் நாலு பாக்கி.

– சைபர், அஞ்சு, நாலு, சைபர்.

– இரு, போடுறேன்… தொறந்துடுச்சும்மா! ஏறுது… ஆங், எழுத்தெல்லாம் முழுசா வந்துடுச்சு. செவ்வாய் இருக்கு, சனி இருக்கு, எல்லாரும் வந்துட்டாங்க!

– சரிப்பா.

– பொன்னி.

– ம்.

– கைப் பழக்கத்துல தாள்ல நடுவுல நடுவுல கோடு போட்டு எழுதிட்டேன். இது எம்பத்திரெண்டு, பிப்ரவரி பத்தொம்போது. மாசி மாசம், வெள்ளிக்கிழமை. கடைசி நாலு, விடியக்காலை அஞ்சு நாப்பது.

– ஆமாப்பா.

– உன்னுது இல்ல. என்னுது இல்ல. உங்கம்மாவுதும் இல்ல.

– இல்லப்பா.

– பொருத்தம் பாத்தியா?

– பழைய விண்டோஸ்லயே பாத்துட்டேன். பத்துக்கு எட்டு.

– எட்டா? நெஜமாவா?

– உங்க பொண்ணுப்பா நானு. அதுல பொய் சொல்லுவேனா? உங்ககிட்ட சொல்லத்தான் ஒரு வருசமா பயந்துகிட்டே இருந்தேன்.

– அதான பாத்தேன். நான் ஒயர புடுங்குனதுக்கு எவனா இருந்தாலும் கத்தியிருப்பான். அந்தத் தம்பி பரவால்ல சார்னு சிரிச்சுகினே மறுபடியும் மொதல்லேர்ந்து குந்திட்டான்.

– கோவமாப்பா?

– வெளியாளு வந்து சொல்லியிருந்தா மனசு ஒடஞ்சு போயிருக்கும். நீயே சொல்லிட்ட… இரும்மா, வாசல்ல வண்டி நிக்குது. அவுங்கதான்.

– அய்யோ. என்னா சொல்லப் போறீங்க?

– புது விண்டோசு போட்டதுலேர்ந்து ஒண்ணும் வேலை செய்யலங்க, மன்னிச்சிடுங்கன்னு டீ வாங்கிக் குடுத்து அனுப்பிடுறேன். அதுக்காச்சும் ஒதவட்டும். நீ போன வெச்சிடாத, தேதி இருக்கு, நேரம் இருக்கு, மூணாவதச் சொல்லு. தம்பி பொறந்ததும் கடலூர்தானே?