தானாக வந்து நிற்கும் வரி

குருவி: அந்த வரியை நீங்க மாத்தலையா அக்கா?

அக்கா: எந்த வரிடி?

குருவி: ரிப்போர்ட்ல நுரையீரல்னு இருக்கிற கட்டத்துல தானா வந்து நிக்குமே... "குறை எதுவும் இல்லை"ன்னு.

அக்கா: ஒரு நாளைக்கு அறுபது ஸ்கேன் ரிப்போர்ட் அடிக்கிறேன். எதை மாத்தினேன், எதை விட்டேன்னு யாருக்கு ஞாபகம்?

குருவி: முதலாளி இப்பதான் ஒரு அம்மாவோட ஸ்கேனைப் பாத்து டாக்டர் பேசி வச்ச பழைய பதிவைப் போட்டுக் கேட்டாரு. வலது பக்கம் சின்னதா ஒரு கட்டி, உடனே கவனிக்கணும்னு தெளிவா சொல்றாரு.

அக்கா: கையெழுத்துப் போட்டது அந்த டாக்டர்தானே. படிச்சுப் பாத்திருக்கலாம்ல?

குருவி: அவரா? கல்யாணப் பத்திரிகையை நீட்டினாலும் கையெழுத்துப் போடுவாரு.

அக்கா: சிரிக்கிற நேரமா இது... அந்தம்மா எங்க இப்போ?

குருவி: வெளிய பெஞ்சுல. ஏழு மாசம் கழிச்சு மூச்சு முட்டி வந்திருக்காங்க. கட்டி இப்ப சின்னது இல்ல.

அக்கா: ஏழு மாசமா!

குருவி: போன வருஷமே சொன்னேன். வேற சாஃப்ட்வேர் இருக்கு, அதுல கட்டமெல்லாம் காலியா இருக்கும், நாம அடிக்காம ரிப்போர்ட் வெளிய வராதுன்னு...

அக்கா: ஆரம்பிச்சுட்டியா.

குருவி: "மெஷினோட வந்த சாஃப்ட்வேர் இருக்கும்போது எதுக்கு வம்பை விலைக்கு வாங்கணும்"னீங்க.

அக்கா: பின்ன? மாத்தினதுல ஒரு தப்பு வந்தா, மாத்தினவ யாருன்னு கேப்பாங்க. மெஷினோட வந்ததுல தப்பு வந்தா யாரையும் கேக்க மாட்டாங்க. பதினாலு வருஷமா இப்படித்தான் தலை தப்புது.

குருவி: இன்னைக்குக் கேக்கப் போறாங்களே.

அக்கா: மெஷின் போட்ட வரின்னு சொல்லுவேன். பொய்யா?

குருவி: அந்தம்மாகிட்டயும் அதையே சொல்வீங்களா?

அக்கா: நச்சரிக்காத. கூட யாரு வந்திருக்கா?

குருவி: மக. நம்ம ரிப்போர்ட்டை பிளாஸ்டிக் கவர்ல போட்டு எடுத்துட்டு வந்திருக்கா. நல்ல ரிப்போர்ட்டுன்னு பீரோவுல பத்திரமா வச்சிருந்தாங்களாம்.

அக்கா: போதும், விடு.

குருவி: நான் என்ன...

அக்கா: அன்னைக்குப் பதிவை முழுசா கேக்கல. போதுமா? வெளிய கூட்டம், ஆளாளுக்குக் கத்திட்டிருந்தாங்க. பாதி கேட்டேன். மிச்சம் நல்லாத்தான் இருக்கும்னு இருந்ததை அப்படியே விட்டுட்டேன்.

குருவி: அக்கா...

அக்கா: எல்லாம் ஒழுங்கா இருக்குன்னு அதுவே எழுதி வச்சிருக்கு பாரு, நம்பிட்டேன். முழுசா கேக்கலைன்னு தெரிஞ்சேதான் நம்பினேன். நகரு, உள்ள போய்ச் சொல்லிடறேன்.

குருவி: இருங்க அக்கா. போகாதீங்க.

அக்கா: நீ எதுக்குடி அழற? உன் மேல ஒண்ணும் வராது. நீதான் மாத்தலாம்னு சொன்னவளாச்சே.

குருவி: அந்த சாஃப்ட்வேரை யாருக்கும் தெரியாம என் கம்ப்யூட்டர்ல போட்டிருந்தேன் அக்கா. பழகறதுக்கு உங்களுக்கு வர்ற டாக்டர் பதிவை எடுத்து அதுல அடிச்சுப் பாப்பேன். அந்தம்மாவுக்குக் கட்டி இருக்குன்னு அன்னைக்கே நான் அதுல அடிச்சேன், உங்க ரிப்போர்ட்ல அது இல்லைன்னும் பாத்தேன்... சொன்னா, யாரைக் கேட்டு இதைப் போட்டேன்னு கேப்பாங்களேன்னு, அந்த சாஃப்ட்வேரை கம்ப்யூட்டர்லேர்ந்து அழிச்சுட்டு வீட்டுக்குப் போயிட்டேன்.