ஓட்டையே விழாத அட்டை

இல்லண்ணே, நீங்களே சொல்லுங்க! பத்துத் தோட்டா. பத்து! குப்புறப் படுத்து, மூச்ச அடக்கி, முழங்கையெல்லாம் சரளைக்கல்லு குத்தி... எந்திரிச்சு பைனாகுலர்ல பாத்தா நான் குறி வச்ச அஞ்சாம் நம்பர் அட்டை பளிச்சுன்னு நிக்குது. ஒரு ஓட்டை? ம்ஹூம்! திருப்பிக் கொண்டுபோய்க் குடுத்தா கடைக்காரன் புதுசுன்னு வாங்கிக்குவான்.

காப்பி எடுத்துக்கோங்க. துப்பாக்கிக் கிளப்புக் காப்பி, கழுவின தண்ணி மாதிரிதான் இருக்கும். ஆறாம் நம்பர்ல, எனக்குப் பக்கத்துல படுத்திருந்தது நீங்கதானே? புதுசா சேந்தவருன்னு சொன்னாங்க.

என் துப்பாக்கி இருக்கே, நாப்பத்தி மூணுல செஞ்சது. பட்டாளத்துல சேர்ற பசங்களுக்குச் சின்னத் தோட்டா போட்டுச் சுடப் பழக்குவாங்கல்ல, அது. அரசாங்க முத்திரை தேயாம அப்படியே இருக்கு. மூணு வருசம் தேடினேண்ணே! விஸ்கான்சின்ல நான் நுழையாத துப்பாக்கிச் சந்தை இல்ல. எங்க வீட்டுக்காரரு டுவேன், "மார்லிஸ், வீட்டுல சட்டிய விட துப்பாக்கி அதிகமாப் போச்சுடி"ம்பாரு. பதினொண்ணுதான் இருக்கு, அதுக்கு என்னா பேச்சு! ஓடாத டிராக்டர் நாலு வச்சிருக்காரு, நான் கேட்டேனா? போன மாசங்கூட ஒண்ண இழுத்துட்டு வந்து... சரி, அத விடுங்க.

என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆங், ஓட்டை. குழல் தேஞ்சு போச்சு, வேறென்ன! எத்தன ஆயிரம் பேரு சுட்டதோ. லொரெய்ன் இருக்காளே, இங்க மார்க்குப் போடறவ, அவ சிரிப்ப நெனச்சுத்தான் நான் அட்டைய எடுக்கவே போகல.

இருங்க, முடிச்சிடறேன். நீங்கல்லாம் அட்டை எடுக்க நடந்தீங்கல்ல, அப்ப ஹார்லன் வந்தாரு. ரெண்டு வருசமா "அந்தத் துப்பாக்கியக் குடு, குடு"ன்னு நச்சரிக்கற மனுசன். எனக்கு வந்த கோவத்துல, எடுத்துட்டுப் போங்கன்னுட்டேன்! பதிலுக்கு ஒரு பழைய தோல் வாரும் புகைபோட்ட மீனு ரெண்டும் குடுத்தாரு. தொலஞ்சது சனியன்.

என்னண்ணே, அட்டைய அட்டைய நீட்டறீங்க? உங்களுதா, காட்டுங்க. அட, பரவால்லியே... என்னது? நீங்க பத்துதான் சுட்டீங்களா? இதுல இருபது இருக்கே! வெளையாடாதீங்க. கோழிக்குத் தீனி எறச்ச மாதிரி அங்கங்க இருக்கே, இது உங்களுது. தப்பா எடுத்துக்காதீங்க. நடுவுல இருக்கற இந்தப் பத்தும்... ஒரு காசு வச்சு மூடிரலாம் போல... ஒண்ணு மேல ஒண்ணா...

ஐயோ.

நான் உங்க அட்டையிலயா சுட்டேன்? ஏண்ணே, வந்ததுமே சொல்றதுக்கென்ன! ...நான் எங்க பேச விட்டேன், அதுவுஞ் சரிதான்.

அந்த நீல வண்டி! ஹார்லன்! ஏ ஹார்லன், நில்லுங்க! மீன எடுத்துக்கோங்க, தோல் வார எடுத்துக்கோங்க, துப்பாக்கியக் குடுங்க! நில்லு... பாருங்களேன், கையாட்டிட்டுப் போறாரு!

ஏண்ணே, நீங்க எங்க நழுவறீங்க? அந்த அட்டையயாவது எனக்குக் குடுத்துட்டுப் போங்க!