வயிற்று நோவென்று வந்தவர்

மாதக்கணக்கில் பேசாதிருந்த மகளைக் காய்ச்சலென்று சொல்லிக் காட்டத்தான் கல்முனை ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தேன். பக்கத்தில் மருதமுனை நெசவுக்கார இளைஞன் ஒரு வயோதிப மீனவரிடம் சொன்னான்:

“எனக்கு நோவொண்டுமில்ல மாமா. சும்மா அழுகைதான் வரும்.”

“அழுகைக்கும் மருந்து கலக்குறாங்களா தம்பி?”

“டொக்டர் கதைக்க வெச்சார். நாலு மாசத்துக்குப் பொறகு நேத்துத்தான் தறியில இருந்தன். உங்களுக்கு?”

“வயித்து நோவெண்டு வாறன்.” அவர் குரலைத் தாழ்த்தினார். “மகன் மௌத்தாகி, அவன அடக்கின நாளிலிருந்து தோணில ஏறல்ல.”

“அதச் சொல்லுங்களேன்.”

“இந்த வயசில சொல்ற கதையா அது?”

அவரைக் கூப்பிட்டார்கள். திறந்த கதவு வழியே கேட்டது.

“வயிறு எப்படி?”

“வயிறு ஒரு நாளும் நோகல்ல, ஐயா. கடலுக்குப் போக மனம் வருகுதில்ல.”

டொக்டர் பேனையை மூடினார். “இருங்க. ஆறுதலாக் கதைப்பம்.”

என் முறை வந்தபோது, மகளுக்குக் காய்ச்சலென்று நான் சொல்லவில்லை.