கான் மூடியின் மேல் நான் உட்கார்ந்த விவரம்

பெயர்: கிளடிஸ் அன்புராசா. வயது: ஐம்பத்து நான்கு (வாக்குமூலம் எழுதும் பொலிஸ் அலுவலர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பக் கேட்டார், அதே வயதுதான்). முகவரி: மோர்னிங்சைட், சிவபாதம் அண்ணையின் வீட்டுக்கு நேரெதிர் வீடு.

சிவபாதம் அண்ணை வருடாவருடம் யாழ்ப்பாணம் போய்வரும்போது மிளகாய்த்தூளோடு அன்ரிபயோட்டிக் குளிசைகளும் கொண்டுவந்து, தெருவில் யார் தும்மினாலும் இரண்டு கொடுப்பவர். தும்மல் நின்றால் மிச்சத்தைத் திரும்ப வாங்கி வைப்பார்.

சென்ற மாதம் என் கணவர் அன்புராசா, வீட்டு வளவுக்குப் பின்னால் ஓடும் ஓடையில் மீன் பார்க்கப் போய், சறுக்கி விழுந்து, காலைக் கிழித்துக்கொண்டார். அதன் பின்னர் காயம் சீழ் பிடித்து, இரண்டு மருந்துக்குக் கேளாமல், இப்போது ஆஸ்பத்திரியில் மூன்றாவது மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது. ஓடைச் சேற்றிலிருந்து வந்த கிருமி வழக்கமான மருந்துகளை மதிப்பதில்லை என்று டாக்டர் சொன்னார். மூன்றாவதும் கேளாவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். அவர் கணினியைப் பார்த்தார்.

அந்தக் கிருமி சிவபாதம் அண்ணையின் குளிசையால் வந்ததென்று டாக்டர் சொல்லவில்லை; வம்புக்குப் பேர்போன நானும் சொல்லவில்லை.

இன்று காலை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது, அண்ணை காலாவதியான குளிசைகள் நிறைந்த சேலைக்கடைப் பையோடும் தண்ணீர் வாளியோடும் மழைநீர் ஓடும் வீதிக்கானில் அவற்றைக் கொட்டப்போகக் கண்டேன். அந்தக் கான் நேரே அதே ஓடைக்குத்தான் போகிறது. அதன் பின்னர் பையைப் பறித்துக்கொண்டு கான் மூடியின் மேல் உட்கார்ந்தேன். என் எடையைப் பதிய வேண்டாமென்று கேட்டுக்கொண்டேன். மூடியை முழுமையாக மறைக்கப் போதுமானது என்று மட்டும் எழுதப்பட்டது.

"எழும்பும் கிளடிஸ், சனம் பாக்குது. உது டேற் முடிஞ்ச குளிசை. ஒரு நுளம்புகூடச் சாகாது."

"சாகாததுதான் அண்ணை பிரச்சினை. உதைக் குடிச்சுப் பழகின கிருமியளை ஓடையில வளத்துவிட்டா, பிறகு எதுக்குச் சாகும்? நான் எழும்பமாட்டன்."

அதன் பின்னர் அவர் பொலிசை அழைத்தார். களவு என்று சொன்னார். பறித்தது உண்மை. ஆனால் பையை அவரிடம் திருப்பிக் கொடுக்கமாட்டேன். மிஞ்சிய மருந்தைத் திரும்ப எடுக்கும் ஃபார்மசியில் என் கையாலேயே ஒப்படைப்பேன். வழக்கு வந்தாலும் சரி. அடுத்த பையோடு அவர் வந்தால் மறுபடியும் உட்காருவேன்.

இது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. எடை தவிர எதையும் நான் மறைக்கவில்லை. கையெழுத்துக் கோணலாக இருப்பது இடது கையால் இட்டதால். வலது கையில் பை இருக்கிறது.

(ஒப்பம்) கிளடிஸ் அன்புராசா