ஊஞ்சலில் நின்ற அம்மா

அம்பத்தூரில் ஆவடி ரயில் ஏறிய இரண்டு பெண்கள் என் எதிரில் வந்து உட்கார்ந்தார்கள். ஒருவர் நல்ல கனம், இன்னொருவர் ஒல்லி. கனமானவர் சொன்னதைக் கேட்டுத்தான் நிமிர்ந்தேன்.

“என் உடம்பாலதான் பொண்ணோட சயின்ஸ் தப்பாப் போச்சு மலரு. குண்டானவங்க ஆடினாலும் ஒல்லியானவங்க ஆடினாலும் ஊஞ்சல் போய் வர ஒரே நேரம்தான் ஆவும்னு டீச்சர் சொன்னாங்களாம். செஞ்சு பாத்துட்டு நாளைக்கு கிளாஸ்ல சொல்லணும். நேத்து பார்க்கு ஊஞ்சல்ல நீ மெதுவா போய் வந்த, நான் வெரசா வந்துட்டேன். ராத்திரி பூரா பாப்பா ஒரே அழுகை.”

“நீ ஏன்க்கா நின்னுகினு ஆடின? நான் உக்காந்துதான ஆடினேன்?”

“அது சின்னப் பசங்க ஊஞ்சல்டி. ரெண்டு சங்கிலிக்கு நடுவுல நான் எங்க உக்கார்றது?”

மலர் தன் சாப்பாட்டுப் பையைத் தொங்கவிட்டு ஆட்டினார். பிறகு வாரைச் சுருட்டிப் பிடித்து ஆட்டினார். பை இப்போது வேகமாகப் போய் வந்தது.

“பாத்தியா? நின்னா உடம்பு மேல ஏறிடுது, வாரு சுருங்கின மாதிரி. அதான் வெரசா வந்த. உன் வெயிட்டு மேல தப்பே இல்லக்கா.”

அக்கா உடனே போனை எடுத்தார். “பாப்பா, வாட்ச எடுத்துகினு பார்க்குக்கு வா. இன்னிக்கு மலர் அத்தையும் என்ன மாதிரி நின்னுகினு ஆடும், ரெண்டு பேருக்கும் ஒரே நேரம் ஆவுதான்னு பாரு.”

“ஐயோ, நானா? எனக்கு பயம்க்கா!”

“நேத்து நான் நின்னப்ப கைகொட்டி சிரிச்ச இல்ல? இன்னிக்கு நான் சிரிக்கப் போறேன்.”